கிளீனர் சீட்

பின்னால் உட்காராதீங்க தம்பி. அம்மிணியும் குழந்தையும் பின்னால் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளட்டும், நீங்க முன்னால் வந்துவிடுங்க. உங்கள் கார்தான், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் நான் ஓட்டினால் எனக்கு இடது பக்கம் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். நாமக்கல் லாரிக்காரன் பழக்கம் அது. கிளீனர் சீட் காலியாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பான். இழுக்காது. ஆனாலும் சொல்வான்.

பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்க. சரி, கிளம்பலாம்.

காரவள்ளி அடிவாரத்து டீக்கடை முன்னால் நீங்க வந்து நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சமதரையில் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருப்பீங்க. 'எழுபது கொண்டை ஊசி வளைவுகள்' என்ற போர்டைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியிருப்பீங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை. கொல்லிமலை பல பேருடைய சாவியைப் பிடுங்கியிருக்கிறது. அதற்குத்தானே ஆக்டிங் டிரைவர் என்று நாங்கள் நாலைந்து பேர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். மற்றவர்கள் எல்லாம் மலை டிரைவர்கள். விமானம் ஓட்டியவன் நான் ஒருத்தன்தான்.

சிரிங்க, சிரிங்க. டீக்கடைக்காரன் உங்களைப் பார்த்துக் கண்ணடித்ததை நானும் பார்த்தேன். "கேப்டன்கூடப் போறீங்களா, காதுல பஞ்சு வெச்சுக்குங்க" என்று சொல்லியிருப்பான். அவனிடம் இதுவரைக்கும் நூறு கதை சொல்லியிருப்பேன். தொண்ணூற்றொன்பது பொய், ஒத்துக்கொள்கிறேன். விமானம் அந்த நூறாவது.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுப் பக்கம். அறுபத்தைந்து நடக்கிறது. இதோ முதல் வளைவு. மஞ்சள் போர்டைப் பார்த்தீங்களா, ஒன்றின் கீழ் எழுபது. வளைவுக்கு வளைவு எண் போட்டிருக்கும், நீங்க எண்ணிக்கொண்டே வாங்க, பொழுது போகும். ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மேலே ஏறுகிறவனுக்குத்தான் வழி, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். அது இந்த மலையின் மரியாதை. உங்கள் வண்டி கியர் இல்லாதது போலிருக்கிறது. அதுவும் நல்லதுதான், விமானம் மாதிரி, பாதி வேலையை அதுவே செய்துகொள்ளும்.

நான் முதலில் முட்டை லாரி ஓட்டினேன். நாமக்கல்லிலிருந்து பம்பாய்க்கு. ஒரு லோடுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் முட்டை. மற்ற டிரைவர்களுக்கு நூறு, இருநூறு உடையும். எனக்கு ஒரே ஒரு தடவை ஒரே ஒரு முட்டை உடைந்தது. அதுவும் புனா தாண்டும்போது உள்ளிருந்து குஞ்சு பொரித்துக்கொண்டு வந்தது. அந்தக் குஞ்சு பம்பாய் வரைக்கும் டாஷ்போர்டில் நின்றுகொண்டு வந்து, மார்க்கெட்டில் இறங்கிப் போய்விட்டது. நம்ப வேண்டாம். இது தொண்ணூற்றொன்பதில் ஒன்று.

ஆனால் எனக்கு ஒரு வரம் உண்டு, அது பொய்யில்லை. எனக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரியும். முழிச்ச தூக்கம் என்று சொல்வோம். லாரிப்பேட்டையில் கேட்டுப்பாருங்க, ராப்பகலாக ஓட்டுகிறவனுக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். மற்றவனுக்கு வந்தால் பள்ளத்தில் இருப்பான். எனக்கு வந்தால் அடுத்த ஊரில் இருப்பேன். கை ஸ்டியரிங்கில், கால் ஆக்ஸிலேட்டரில், கண் ரோட்டில், ஆள் மட்டும் இருக்கமாட்டேன். ஒரு மைல், ஒன்றரை மைல், அப்புறம் வந்துவிடுவேன். அதற்கு முன்னால் ஒரு வாசனை வரும். வெல்லம் காய்ச்சுகிற வாசனை. பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆலைக் கொட்டாய் இருக்கிறதல்லவா, கொப்பரையில் பாகு பொங்கும்போது ஊரே மணக்குமே, அதே வாசனை. முதல் தடவை வேலூரைத் தாண்டும்போது வந்தது, கொட்டாயிலிருந்துதான் என்று நினைத்தேன். அப்புறம் கர்நாடகத்திலும் வந்தது, மகாராஷ்டிரத்திலும் வந்தது. இந்த தேசத்தில் எங்கே பார்த்தாலும் வெல்லம் காய்ச்சுகிறான் தம்பி.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? அது சின்ன வயதுக் கதை.

இருங்க, போன் அடிக்கிறது. வீட்டுக்காரி. நீங்க சத்தம் போடாமல் இருங்க, நான் இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

"சொல்லு பாவாயி... காரவள்ளிதான், வேற எங்க... டீக்கடைதான்... சாப்ட்டேன், சாப்ட்டேன். வெய்யி."

மணிக்கொரு தடவை கூப்பிடுவாள். ஒரே கேள்விதான், "ஊரு?" பதில் சொல்லிவிட்டால் வைத்துவிடுவாள். என் லைசென்ஸை அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து நாலு வருஷம் ஆகிறது. நான் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. நான் வண்டி ஓட்டுவது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? இது ஒன்பதாவது வளைவுதானே. இருபதுக்கு மேல் போனால் சிக்னலே கிடையாது, நிம்மதி. மலைமேலே சோளக்காடு என்ற ஊர்ப் பக்கம் போனால்தான் மறுபடி வரும்.

கல்யாணம் ஆன புதிதில் அவளை லாரியிலேயே பெங்களூர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ. அன்றிலிருந்து லாரியை விட்டு இறங்கவில்லை. ஊருக்கு வந்ததும் கிளீனருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷம். மகள் பிறந்தபோது அவளுடைய அம்மா வீட்டில் ஆறு மாதம் இருந்தாள், அந்த ஆறு மாதமும் என்னையும் லாரி எடுக்க விடவில்லை. பொண்டாட்டியைக் கிளீனராக வைத்திருக்கிறவன் என்று லாரிப்பேட்டையே சிரித்தது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். என்மேல் அவ்வளவு ஆசை தம்பி அவளுக்கு. ஒரு நாள் பிரிந்திருக்க முடியாது.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஊரு?" என்று கேட்பாள். நான் அடுத்து வருகிற ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, இப்படி. சொல்லாவிட்டால் இன்னொரு தடவை கேட்பாள். அதற்கும் சொல்லாவிட்டால் என் கைமேல் கை வைத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வாள். நான் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கையெல்லாம் ஜில்லென்று இருக்கும். பட்டப்பகலில், நெடுஞ்சாலையில். நான் கண்ணடித்தால் அழுவாள். பெண்களுக்குக் கூச்சம்.

அப்புறம் மகள் பள்ளிக்கூடம் போனாள், நானும் ஆறு லாரி வாங்கி டிரைவர் வைத்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்தேன். நாற்காலி, மேஜை, மின்விசிறி. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வேர் விட்டுவிட்டது. அப்போதுதான், எனக்கு நாற்பத்துநாலு வயது, நாட்டில் மழைக்குக் காளான் முளைத்த மாதிரி விமானக் கம்பெனிகள் முளைத்தன. விமானம் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. பேப்பரில் விளம்பரம். கணக்கும் பௌதிகமும் படித்திருந்தால் போதும், பயிற்சி எடுத்தால் வேலை நிச்சயம். நான் அந்தக் காலத்துப் பி.யூ.சி., கணக்கு, பௌதிகம், முதல் வகுப்பு. லாரி ஆறையும் கொடுத்துவிட்டேன்.

ஊர் சிரித்தது. பேரன் எடுக்கிற வயதில் பைலட்டா என்றது. என் மைத்துனன், "மாமா, மேல டயர் பஞ்சரானா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு இரண்டே கேள்வி கேட்டாள்.

"மேல கிளீனர் உண்டுங்களா?"

பக்கத்திலேயே ஒரு கேப்டன் இருப்பார் என்றேன்.

"அவரு உங்களையவே பாத்துக்கிட்டு இருப்பாருங்களா?"

எதற்கு என்னைப் பார்க்கிறார், மேகத்தைப் பார்ப்பார் என்றேன்.

இருபத்தைந்து. எண்ணுகிறீங்கதானே? பாருங்க, பனி இறங்குகிறது. மத்தியானம் மூன்று மணிதான் ஆகிறது, இந்த மலைக்கு அதெல்லாம் கணக்கில்லை. காட்டுப் பலா வாசனை வருகிறதா? இது நிஜமான வாசனை, பயப்படாதீங்க.

இருபத்தாறு.

மருத்துவப் பரிசோதனைக்குப் பெங்களூர் போனோம். பட்டாளத்து டாக்டர். கண், காது, நெஞ்சு, எல்லாம் எருமை மாதிரி இருக்கிறது என்றார். எப்போதாவது மயக்கம் போட்டு விழுந்ததுண்டா? இல்லை. வலிப்பு? இல்லவே இல்லை. நான் பொய்யா சொன்னேன்? விழுந்தால்தானே விழுந்தேன் என்று சொல்ல முடியும்? நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இருப்பவன். தூக்கம் எப்படி என்றார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல தூக்கம் என்று எழுதிக்கொண்டார். உண்மையைச் சொல்லித்தான் தம்பி பாஸ் பண்ணினேன்.

பாவாயி டாக்டர் அறை வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டரிடம் உனக்கு என்ன பேச்சு என்று மகள் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். மகளுக்கு அப்போது பதினாலு வயது. இரண்டு பேரும் வராண்டாவில் நின்று அழுதார்கள். சந்தோஷமான நாளில் எதற்கு அழுகை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இருபத்தாறு.

என்ன? இருபத்தேழா? போர்டைப் படித்துவிட்டுத்தானே சொன்னேன். இருபத்தாறைப் பார்த்தேன், சொன்னேன். சரி, அப்படியென்றால் குரங்கு பிடுங்கி மாற்றி நட்டிருக்கும். இந்தக் குரங்குகள் சும்மா இருக்காது தம்பி. ஒரு தடவை ஒன்பதைப் பிடுங்கித் தலைகீழாக நட்டு ஆறாக்கிவிட்டன, ஒரு பஸ்காரன் மலை குறைந்துவிட்டது என்று திரும்பிக் கீழேயே போய்விட்டான். என் முகத்தைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க. நீங்க கிளீனர்.

பயிற்சி வடக்கே ஒரு ஊரில். சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் வயதில் பாதி, என்னை 'அங்கிள்' என்றான். முதல் நாள் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன், ஓடிவந்து எடுத்துவிட்டான். மேலே போனதும் ஹாரனைத் தேடினேன். ஹாரன் இல்லையாம். ஹாரன் இல்லாத வண்டியை எப்படி நம்புவது, சொல்லுங்க. ஒரு தடவை வலது பக்கம் திரும்பச் சொன்னான், நான் பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். பக்கத்தில் பறந்துகொண்டிருந்த பருந்து வேகத்தைக் குறைத்து வழிவிட்டது. இதையும் தொண்ணூற்றொன்பதில் சேர்த்துக்கொள்ளுங்க. ஆனால் பாஸ் பண்ணினேன். இருபது வயதுப் பசங்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினேன். விசிறி வைத்த விமானம், எழுபது சீட். இந்த மலைக்கு எழுபது வளைவு, அதற்கு எழுபது சீட். துணைப் பைலட் உத்தியோகம். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. எனக்கு நரைத்த மீசை, என் பக்கத்துக் கேப்டனுக்கு முப்பத்தெட்டு வயது. ஏறுகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார்கள். அதுதான் அந்த ஆளுக்கு உறுத்தியது. என் பிழைப்பைக் கெடுத்தது அந்த வணக்கம்தான் தம்பி, வேறொன்றுமில்லை.

கேப்டன் பிண்டோ. கோவாக்காரர். ஆரம்பத்தில் தங்கமாகத்தான் இருந்தார். நான் முட்டை உடையாமல் இறக்குவதைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தவர்.

அங்கே ஒரு சட்டம் உண்டு, கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. பக்கத்து ஆள் ஒன்று சொன்னால் நீ பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு தடவை சொல்வார். அதற்கும் பதில் வரவில்லை என்றால் அவ்வளவுதான், நீ இருக்கிறாய் என்று கணக்கே இல்லை, விமானத்தை அவர் எடுத்துக்கொள்வார். அச்சு அசல் பாவாயி சட்டம். வெள்ளைக்காரன் யோசித்து எழுதினானோ, தொப்பூர் கணவாயில் நின்று கேட்டு எழுதினானோ.

முப்பத்தெட்டு. பின்னால் பஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, பார்த்தீங்களா. செம்மேடு பஸ். அவனுக்கு அவசரம். ஒதுங்க இடமில்லையப்பா, பொறு. அம்மிணி நல்ல தூக்கம் போலிருக்கிறது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. என் மகளும் அப்படித்தான், லாரி எஞ்சின் சத்தத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்.

பதினோரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அன்றைக்குப் பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர். பொட்டு மேகம் இல்லை. இறக்கம் என் கையில். ஓடுபாதை கோடு போட்ட மாதிரி நேராகத் தெரிகிறது. அப்போது வந்தது. ஊரே மணக்கிறது. "கேப்டன், வெல்லம் காய்ச்சற வாசனை வருதா?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அதற்கப்புறம் எனக்குத் தெரிவது தரை. சக்கரம் தொட்டுவிட்டது. விமானம் அழகாக உருண்டுகொண்டிருக்கிறது. ஒரு முட்டை உடையவில்லை. நான்தான் இறக்கினேன், கை பழகின கை. ஆனால் என் இரண்டு கையும் என் மடியில் இருந்தன. பிண்டோ ஒரு கையால் என் மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்திருந்தார். விமானம் நிற்கிற வரைக்கும் விடவில்லை. அவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. எல்லாரும் இறங்கிப் போனபிறகுதான் வாயைத் திறந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார், இங்கிலீஷில், பாவாயி கேட்கிற மாதிரி மெதுவாக.

எப்படி என்றேன்.

இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ பதில் சொல்லவில்லை என்றார். நான் பதில் சொன்னேன் தம்பி. அவருக்குக் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், நூற்றிருபது நொடி நீ இல்லை என்றார். அந்த நேரத்தில் ஒருத்தன் எண்ணிக்கொண்டா இருப்பான்? இட்டுக்கட்டினது. அப்படியே எழுதிக்கொடுத்தார். என் தலையில் கம்பி கம்பியாக ஒட்டினார்கள், ஒரு மிஷின் காகிதத்தில் கோடு போட்டது. மேலும் கீழுமாக, நெருக்க நெருக்கமாக, கொல்லிமலை ரோட்டை மேலிருந்து பார்த்த மாதிரி. மலைக்குப் பக்கத்தில் பிறந்தவன் தலைக்குள் மலை இருக்காதா என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. பழைய டாக்டர் நல்லவர், சிரித்தார். தோள் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு நாற்பத்தேழு வயது முடிய ஒரு வாரம் இருந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, ஆயுசு முழுக்க. பாவாயி எண்ணிக் கையில் வைப்பாள். சாப்பிட்டால் தலை பாரமாகி ஒரே தூக்கமாக வருகிறது. டிரைவருக்குத் தூக்கம் ஆகுமா? உங்களை மாதிரி குடும்பத்தை நம்பி ஏற்றிக்கொண்டு போகிறோம், அது ஒரு பொறுப்பில்லையா? அதனால் வண்டி எடுக்கிற நாளில் மட்டும் வாயில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவேன். இன்றைக்கும் துப்பினேன். அதனால்தான் பாருங்க, கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது.

என்ன தம்பி, நிறுத்தவா? இங்கே எங்கே நிறுத்துவது, இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாதாளம், பின்னால் பஸ். பனி வேறு. ஒன்றுமில்லை, பாதிக்குமேல் வந்துவிட்டோம். இதோ நாற்பத்தொன்று. நீங்க பிண்டோ மாதிரியே பார்க்கிறீங்க. நான் சொன்ன நூறு கதையில் எதை நம்புவது என்று தெரியாமல் முழிக்கிறீங்க. அதுதான் என் கெட்டிக்காரத்தனம். நான் என்ன சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அந்த ஆள் மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால், நான் இந்நேரம்

ஓ, யாரோ வெல்லம் காய்ச்சுகிறான். மலைமேலே எவன்

கையை எடுங்க தம்பி.

ஸ்டியரிங்கில் எதற்குக் கை வைத்திருக்கிறீங்க? ஓட்டுகிறவன் கைமேல் கை வைக்கக் கூடாது, வண்டி கவிழ்ந்துவிடும். எடுங்க. கை எதற்கு இப்படி ஜில்லென்று இருக்கிறது? அம்மிணி எழுந்துவிட்டதா? குழந்தையை எதற்கு அப்படி நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருக்கிறது, மூச்சு முட்டப்போகிறது. யார் கத்தினது? பஸ்காரன் எதற்கு இவ்வளவு தள்ளி வருகிறான், இவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டுதானே வந்தான்?

நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த ஆள் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்று. நாற்பத்தொன்று தாண்டினோம். அடுத்தது நாற்பத்திரண்டு.

நாற்பத்துநாலு என்றா எழுதியிருக்கிறது?

குரங்கு.

குரங்கு ஒன்றைப் பிடுங்கும். இரண்டையா பிடுங்கும்?

நீங்க எண்ணிக்கொண்டு வந்தீங்கதானே. நான்தானே எண்ணச் சொன்னேன். வேண்டாம், சொல்லாதீங்க. இல்லை, சொல்லுங்க. கூப்பிட்டீங்களா? இரண்டு தடவையா? இரண்டு வளைவும் நீங்கதான் திருப்பினீங்களா, அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பிடித்துக்கொண்டு? ஹாரன் அடித்தீங்களா? அடித்திருக்கமாட்டீங்க, எங்கே கை இருந்தது.

நூற்றிருபது என்று பிண்டோ சொன்னபோது பொய் என்றேன். அவரிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், டீக்கடையில் இவ்வளவு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாவாயியிடம் மட்டும் சொன்னதில்லை. அவள் கேட்கவே இல்லை. வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "ஊரு வந்திருச்சுங்க, இறங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

கையை எடுக்கச் சொன்னேனே, அது வேண்டாம். கை அங்கேயே இருக்கட்டும். பிண்டோவும் நிற்கிற வரைக்கும் விடவில்லை. நாற்பத்தாறில் ரோடு கொஞ்சம் அகலம், பஸ் ஒதுங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். நான் பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன். மிச்சத்தை நீங்கதான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்புங்க. உங்களுக்கு முப்பத்தைந்து இருக்குமா? நான் நாற்பத்துநாலில் ஆகாயத்தையே ஓட்டினவன். அதில் ஒரு சொல் பொய் கிடையாது தம்பி, யார் கேட்டாலும் சொல்லுங்க.

இன்னும் இரண்டே வளைவு. நான் பேச்சை நிறுத்தக் கூடாது. நீங்களும் சும்மா இருக்காதீங்க, கேட்டுக்கொண்டே வாங்க. ஊரு என்று கேளுங்க. நான் எண்ணைச் சொல்கிறேன். இதோ, நாற்பத்தைந்து, பார்த்துவிட்டேன், சொல்லிவிட்டேன். அம்மிணி, குழந்தை அழட்டும், அழுகையை அடக்காதே, எனக்குக் கேட்கட்டும்.

வாசனை இன்னும் போகவில்லை.

கேளுங்க தம்பி. எதற்கு வாயை மூடிக்கொண்டு வருகிறீங்க?

கேட்டுவிட்டீங்களா? எப்போது?

இன்னொரு தடவை கேளுங்க.